கழுத்துக்குக் கீழே இருக்கும் வரலாறு: ஸ்டெர்க்ஃபொன்டைன் ஒருநாள் பயணம்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்டெர்க்ஃபொன்டைன் குகைகளுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரு மண்டையோட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். 1947 ஏப்ரலில் ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் அங்கே கண்டெடுத்த, மனித மரபைச் சேர்ந்த பழங்கால உயிரொன்றின் மண்டையோடான ‘மிசஸ் பிளெஸ்’ அவ்வளவு புகழ் பெற்றது. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர் அதிகம் வாழும் லெனேசியாவில் 16 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக இருக்கும் எனக்கு, காலை முதல் மாலை வரை கையில் படுவதெல்லாம் முழங்கால், இடுப்பு, தோள் ஆகியவையே என்பதால், அந்தப் பழைய உயிர்கள் எப்படி நடந்தன, எதைப் பிடித்து ஏறின, எவ்வளவு தூரம் இடம்பெயர்ந்தன என்பதை அறிய வேண்டும் என்ற ஆவல்தான் நெடுநாளாக இருந்தது. அந்த ஆவலுக்கென்றே அமைந்த ஒருநாள் பயணத்தை இங்குள்ள ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறது என்று கேள்விப்பட்டு, கடந்த குளிர்காலத்தில் என் அம்மாவுடன் போய் வந்தேன். குறைகளையும் சொல்ல இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தனியாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு வேனில் எட்டுப் பேர். காலை ஏழு மணிக்கு லெனேசியாவில் ஏற்றிக்கொண்டு மாலை ஐந்தரை மணிக்கு அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். குகை நுழைவு, மதிய உணவு, பிற்பகலில் மனிதத் தோற்றத்தைப் பற்றிய மரோபெங் காட்சியகம் ஆகிய எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும். இவற்றோடு, மற்ற எந்தச் சுற்றுலாவிலும் நான் காணாத ஒன்றும் உண்டு: எலும்புகளின் வார்ப்புகளை மேசையில் பரப்பி, நம் கையில் எடுத்துப் பார்க்கவிடும் ஒரு மணி நேரம். கட்டணம் சற்று அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

குகைகள் 2022 இறுதியில் மூடப்பட்டு, 2025 ஏப்ரலில் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் மீண்டும் திறக்கப்பட்டவை. உள்ளே அழைத்துச் செல்பவர் குகையின் சொந்த வழிகாட்டி. நிதானமாக, கேள்விகளுக்கு இடம் விட்டுப் பேசும் இளைஞர். டோலமைட் பாறையில் நீர் அரித்த வெற்றிடங்கள் எப்படி உருவாயின, மேலே திறந்த பிளவு வழியாக விலங்குகள் எப்படி விழுந்து அடைபட்டன, சுண்ணாம்பு எடுக்க வந்தவர்கள் வைத்த வெடியில் எப்படிப் புதைபடிவங்கள் வெளிப்பட்டன என்பதையெல்லாம் இருட்டில் விளக்கொளியைப் பாறையில் ஓட்டிக் காட்டியபடியே சொன்னார்.

அவர் சொன்னவற்றுள் என்னை அப்படியே நிறுத்தி வைத்தது ‘லிட்டில் ஃபுட்’ கண்டெடுக்கப்பட்ட கதை. 1994-இல் ரான் கிளார்க் என்ற ஆய்வாளர், விலங்கெலும்புகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பெட்டிகளைக் கிளறியபோது, மனித மரபைச் சேர்ந்த ஒரு பாதத்தின் சிற்றெலும்புகளை அடையாளம் கண்டார். பிறகு அதே உடலுக்குரிய கீழ்க்கால் எலும்புத் துண்டு ஒன்றும் கிடைத்தது. அது பழைய வெடிவைப்பில் முறிந்தது. அந்த முறிவின் வார்ப்பை 1997-இல் தம் உதவியாளர்கள் என்க்வானே மொலெஃபே, ஸ்டீஃபன் மோட்சுமி ஆகிய இருவரிடம் கொடுத்து, இதற்குப் பொருந்தும் மறுபாதியைக் குகைச் சுவரில் தேடுங்கள் என்றார். கைவிளக்குகளோடு அந்தப் பெரிய இருட்டறைக்குள் இறங்கிய அவர்கள் இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்தார்கள். பாறைக்குள் ஒரு முழு உடலே கிடந்தது. கான்கிரீட் போல் இறுகிய பாறையிலிருந்து அதைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தூய்மை செய்து, 2017 டிசம்பரில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் முழுமையான எலும்புக்கூடு அது. அதன் வயது 36 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்பது ஒரு கணிப்பு. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை வழிகாட்டியே சொன்னார். அந்த இரு உதவியாளர்களின் பெயரையும் அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

முழுமை ஏன் முக்கியம் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு கால் ஒருவருடையதும் ஒரு கை இன்னொருவருடையதுமாகக் கிடைத்தால் விகிதத்தைப் பேச முடியாது. இங்கே ஒரே உடலின் கையும் காலும் கிடைத்ததால், கால்கள் கைகளைவிட நீளமானவை என்று அளந்தே சொல்ல முடிந்தது. அது நடப்பவர்களின் விகிதம். ஆனால் தோள்பட்டையும் காறை எலும்பும் குரங்கினத்தை ஒத்தவை. தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கிளையைப் பிடித்துத் தொங்குவதற்கு ஏற்றவை. முன்கை எலும்புகளில் இடது பக்கம் வலதைவிட அதிகம் வளைந்திருக்கிறது. சிறுவயதில் கையூன்றி விழுந்ததன் விளைவாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வு கருதுகிறது. மரத்திலிருந்து விழுந்து கையை ஊன்றிய பிள்ளைகளை என் அறையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இனி அந்த ஒரு மணி நேரம். மதிய உணவுக்கு முன், மர நிழலில் நீண்ட மேசை ஒன்றைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மனிதர், சிம்பன்சி, ஸ்டெர்க்ஃபொன்டைன் படிவங்கள் என்று மூன்று வரிசையாக வார்ப்புகளை அடுக்கியிருந்தார்கள். நடத்தியவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவரான பெண்மணி. விளக்கவுரை எதுவும் இல்லாமல், ஒரு மனிதத் தொடையெலும்பையும் ஒரு சிம்பன்சித் தொடையெலும்பையும் எடுத்து, முழங்கால் பக்கத்து முனை மேசையில் சமமாகப் படியும்படி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். சிம்பன்சியுடையது தூண் போல நேராக நின்றது. மனிதருடையது நேராக நிற்கவே இல்லை. மேல் முனை வெளிப்புறமாகச் சாய்ந்தது. நேராக்க முயன்றால் முழங்கால் முனையின் ஒரு பக்கம் மேசையை விட்டு எழும்புகிறது. என் விரலில் அந்தத் தூக்கலை உணர்ந்தபோது, புத்தகத்தில் படமாக மட்டும் படித்திருந்த ஒரு கோணம் முதன்முறையாக எனக்குப் பொருளாயிற்று.

அந்தச் சாய்வினால்தான் நம் இடுப்பு அகன்றிருந்தாலும் முழங்கால்கள் உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் வந்து நிற்கின்றன. ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நிற்கும் அந்த அரை நொடியில் உடல் பக்கவாட்டில் சரியாமல் இருக்கிறது. இதில் மிக நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் தொடையெலும்பில் இந்தச் சாய்வு கிடையாது. தளர்நடை தொடங்கிய பிறகு, எடை இறங்க இறங்க, எலும்பு அப்படி வளர்கிறது. பிறவியிலிருந்தே நடக்க இயலாத பிள்ளைகளுக்கு அது உருவாவதில்லை. ஆகவே ஒரு பழைய முழங்கால் முனையில் இந்தக் கோணத்தைக் கண்டால், அந்த உயிர் நடக்கத்தக்க உடலோடு பிறந்தது என்பதோடு நில்லாமல், உண்மையிலேயே நடந்து வளர்ந்தது என்றும் சொல்லலாம். புரூம் 1938-இல் விவரித்த ஸ்டெர்க்ஃபொன்டைன் முழங்கால் முனையில் அந்தக் கோணம் இருக்கிறது. அதன் வார்ப்பு மேசையில் இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

அதற்குப் பக்கத்தில், மிசஸ் பிளெஸ் கிடைத்த அதே 1947-இல் எடுக்கப்பட்ட இடுப்பெலும்பின் வார்ப்பு. சிம்பன்சியின் இடுப்புத் தகடு உயரமாகவும் குறுகலாகவும் முதுகுப்பக்கம் திரும்பியும் இருக்கும்; இது குட்டையாகவும் அகலமாகவும் பக்கவாட்டில் விரிந்தும், நம்முடையதைப் போலவே ஒரு கிண்ணமாக வளைந்திருக்கிறது. இடுப்பின் பக்கத் தசைகள் தளர்ந்தவர்கள் நடக்கும்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிப்போவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்தத் தசைகள் பிடித்திழுக்க வேண்டிய இடம், இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த எலும்பில், அது இருக்க வேண்டிய பக்கத்திலேயே இருந்தது. வார்ப்புதான் என்று தெரிந்தும், அதை மேசையில் வைக்க எனக்குச் சிறிது நேரமாயிற்று.

எலும்பு செத்த பொருள் என்றே பலர் எண்ணுகிறார்கள். உயிருள்ளவரை அது தன்னைத் தானே அழித்தும் கட்டியும் கொண்டிருக்கிறது; சுமை ஏறும் இடத்தில் தடிக்கிறது, ஏறாத இடத்தில் மெலிகிறது. ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே இதைக் கோட்பாடாக வகுத்தார். டென்னிஸ் வீரர்களை 1970-களில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் மேற்கையின் எலும்புச் சுவர், ஆண்களிடம் மறுகையைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தடித்திருந்தது. இதே விதியைத் தொடையெலும்பின் பந்து முனைக்குள் பொருத்திப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அந்தப் பந்தின் உட்புறம் கடற்பஞ்சு போன்றது. அதன் நுண்ணிழைகள் எந்த இடத்தில் அடர்ந்திருக்கின்றனவோ அங்கே அடிக்கடி எடை அழுத்தியிருக்கிறது. 2020-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இதே குகையின் இரண்டு தொடையெலும்புகள் நுண்கதிர்ப் படமாக்கப்பட்டன. பழையதில் நம்மைப் போல் நிமிர்ந்து நடந்ததன் தடம் மட்டுமே இருந்தது. பிந்தைய காலத்து எலும்பில், இடுப்பை நன்றாக மடக்கி மரம் ஏறும் குரங்கினங்களில் காணும் இரண்டாவது அடர்த்தியும் இருந்தது. மரத்திலிருந்து இறங்கினோம், நடந்தோம், பிறகு ஏறவே இல்லை என்று நேர்கோடாகச் சொல்லும் கதையை இந்த இரண்டு பந்து முனைகள் குலைத்துவிடுகின்றன. வேறு எந்த நிறுவனமும் சுற்றுலாப் பயணிகளிடம் இதை எடுத்துச் சொல்லத் துணியுமா என்பது ஐயமே. இவர்கள் படங்களை அட்டையில் அச்சிட்டு, பொறுமையாக விளக்கினார்கள்.

அம்மா இதற்குள் நாற்காலியை விட்டிறங்கிப் புல்தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். 71 வயதிலும் அவருக்கு அதுதான் வசதி. அதைப் பார்த்த பெண்மணி முகம் மலர்ந்து, ஒரு கீழ்க்கால் எலும்பை எடுத்து அதன் கீழ் விளிம்பின் முன்புறத்தைக் காட்டினார். நெடுநாள் குந்தி உட்காரும் மக்களுக்கு, அந்த விளிம்பும் கணுக்கால் எலும்பின் கழுத்தும் உரசுமிடத்தில் சிறிய வழவழப்பான முகப்பு ஒன்று உண்டாகும். நாற்காலியில் வளர்ந்தவர்களிடம் அது அரிது. “எனக்கும் இது இருக்குமாடி?” என்று அம்மா கேட்டார். நிச்சயம் இருக்கும் என்றேன். தன் கணுக்காலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எங்களோடு வந்தவர்களுள் லெனேசியாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். அவருடைய தாத்தா நேட்டாலின் வடகரையில் ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டியவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்து இறங்கினார்கள். பேச்சு கைகளுக்குத் திரும்பியபோது பெண்மணி ஓர் ஆய்வைச் சொன்னார்: நடு ஐரோப்பாவில் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதல் வேளாண் பெண்களின் மேற்கை எலும்பு, இன்றைய படகுப் போட்டி வீராங்கனைகளுடையதைவிட 11 முதல் 16 விழுக்காடு வலுவாக இருந்ததாம், மண் கொத்தியதும் கல்லில் தானியம் அரைத்ததுமே காரணமாக இருக்கலாம் என்பது 2017-இல் வந்த முடிவு. பெரியவர் மனிதருடைய மேற்கை எலும்பு வார்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எங்க தாத்தாவுக்கு வலது தோள் மட்டும் பெருசா இருக்கும்மா. ஆயா சொல்லும், அது கத்தி புடிச்ச கைன்னு. எலும்பும் அப்படி ஆயிருக்குமா?” என்று என்னைக் கேட்டார். எத்தனை வயதில் வேலைக்குப் போனார் என்று கேட்டேன். பன்னிரண்டோ பதின்மூன்றோ என்றார். வளரும் வயதில் ஏறும் சுமைக்குத்தான் எலும்பு மிக அதிகமாக இணங்கித் தடிக்கும் என்பதால், ஆகியிருக்கும் ஐயா என்றேன். அவர் அந்த வார்ப்பை உடனே கீழே வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் முதல் குறை. வேனில் திரும்பும் வழியில் நிறுவனத்தின் மற்றொரு வழிகாட்டி, தசை ஒட்டும் இடத்தில் எலும்பில் இருக்கும் மேடுகளைக் கொண்டு இவர் வில்லாளி, இவர் படகோட்டி, இவர் நெசவாளி என்று தொழிலையே சொல்லிவிடலாம் என்று அடித்துப் பேசினார். அது பழைய நம்பிக்கை. வயதும் தொழிலும் பதிவான எலும்புக்கூடுகளை வைத்துச் சோதித்தபோது, அந்த மேடுகளைப் பெரிதாக்குவதில் முதுமைக்கும் உடல் பருமைக்கும் பெரும் பங்கு உண்டு என்று தெரிந்தபின், ஆய்வாளர்கள் மிகவும் அடக்கமாகவே பேசுகிறார்கள். எலும்புத் தண்டின் குறுக்குவெட்டு வடிவமும் உட்பஞ்சின் அடர்த்தியும் அதைவிட நம்பத்தக்க சான்றுகள். காலையில் ஒருவர் அவ்வளவு கவனமாகக் கற்பித்ததை மாலையில் மற்றொருவர் கலைத்துவிடக் கூடாது.

இடப்பெயர்வைப் பற்றிய பகுதி சிறியது, ஆனால் செறிவானது. பாறையில் உள்ள ஸ்ட்ரோன்டியம் என்ற தனிமம் மண் வழியாகச் செடிக்கும், செடி வழியாக உடலுக்கும் வருகிறது. அதன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகளின், விகிதம் நிலத்துக்கு நிலம் வேறுபடும். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகி, பிறகு மாறாமல் நின்றுவிடுவதால், ஒருவர் எந்த நிலத்தில் உண்டு வளர்ந்தார் என்ற குறிப்பு அதில் உறைந்துவிடுகிறது. சாண்டி கோப்லேண்ட் குழுவினர் ஸ்டெர்க்ஃபொன்டைன், ஸ்வார்ட்கிரான்ஸ் ஆகிய இரு குகைகளின் 19 பற்களை இப்படி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். பெரிய பற்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு அந்த டோலமைட் நிலத்திலேயே வளர்ந்தவர்களுடையவை. சிறிய பற்களில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்களுடையவை. சிறிய பல் பெண்ணுடையது என்று கொண்டால், பிறந்த கூட்டத்தை விட்டுப் போனவர்கள் பெண்கள். இதைத் தமிழில் நான் சொல்லி முடித்ததும் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பவே பொண்ணுதான் ஊரை விட்டுப் போயிருக்கா” என்றார். கும்பகோணத்திலிருந்து திருமணமாகி மதுரைக்குப் போனவர் அவர். மகள் வீட்டுக்கென்று இப்போது இந்த நாட்டுக்கும் வந்திருப்பவர்.

இரண்டாவது குறை பெரியது. பதிவு செய்யும்போது, முதியவர்களுக்கு ஏற்ற பயணம் என்றே நிறுவனத்தார் சொன்னார்கள். குகையில் இறங்கவும் ஏறவும் நிறையப் படிகள் உண்டு. குனிந்து போக வேண்டிய இடமும் உண்டு. அம்மாவுக்கு மூட்டில் குறையில்லை, ஆனால் மூச்சிரைப்பு உண்டு. படிகள் இருக்கும் செய்தி வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரும் பெரியவரும் மேலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை. முழங்கால், இதய, மூச்சுத் தொல்லை உள்ளவர்களைப் பதிவின்போதே கேட்டு, அவர்கள் மேலே இருக்கும் நேரத்தில் அந்த வார்ப்புகளில் சிலவற்றையாவது முன்கூட்டியே காட்டியிருக்கலாம். உடல் அசைவைப் பற்றிய ஒரு பயணத்தை நடத்துபவர்களுக்கு, வருபவர்களின் உடல் அசைவைப் பற்றிய கவனம் முதலில் வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மரோபெங் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. புல்மேடு போலத் தோன்றும் அந்தக் கட்டடம் 2005-இல் திறக்கப்பட்டது. பெயருக்கு, தோன்றிய இடத்துக்குத் திரும்புதல் என்று செட்ஸ்வானா மொழியில் பொருள். தொடக்கத்தில் வரும் நிலத்தடிப் படகுப் பயணம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். வேன் மதிய உணவிலேயே தாமதமாகிவிட்டதால் எங்களுக்கு அங்கே கிடைத்தது ஐம்பது நிமிடந்தான். 2013-இல் ரைசிங் ஸ்டார் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஹோமோ நலெடியைப் பற்றிய பகுதியை ஓட்டமாகப் பார்க்க நேர்ந்தது. நம்முடையதைப் போன்ற பாதமும், ஏறுவதற்கு வளைந்த விரல்களும் ஒரே உடலில் இருந்த உயிர் அது. இந்தப் பயணத்தின் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சான்று எது? அங்கே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

எலும்பு, தசை சார்ந்த தொழிலில் இருப்பவர்கள், மருத்துவம் படிக்கும் மாணவர்கள், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுடைய பெற்றோர் ஆகியோர் தயங்காமல் போகலாம். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகள் மேசையருகே ஒரு மணி நேரம் நிற்க மாட்டார்கள். வழுக்காத காலணியும், குளிர்காலமாக இருந்தால் தடித்த மேலாடையும் வேண்டும். காலையில் அந்தப் புல்வெளியில் உறைபனி இருக்கிறது. சைவ உணவு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எங்களுக்குச் சோளக்களியும் கீரையும் அவரைக் குழம்பும் நன்றாகவே செய்து தந்தார்கள்.

திரும்பி வந்த வாரமே நிறுவனத்துக்கு இரண்டு குறைகளையும் எழுதினேன். பதிவுப் படிவத்தில் படிகளைப் பற்றிய கேள்வியைச் சேர்ப்பதாகவும், மேலே தங்குபவர்களுக்கு ஒரு பெட்டி வார்ப்புகளை விட்டுச் செல்வதாகவும் அந்தப் பெண்மணியே பதில் எழுதினார். பெரியவர் தம் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் செப்டம்பர் விடுமுறைக்கு இடம் பதிவு செய்துவிட்டார். அந்த மேற்கை எலும்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்.